ஐந்து சிசி

கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் ஆறு வருடம் நான் குடியிருந்தது ரெங்கசாமி அண்ணன் வீட்டு முன்னறையில். பலகை வீடு, தகரக் கூரை. பின்பக்கம் மாட்டுக் கொட்டகை. அதற்குப் பின்னால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம். தோட்டத்துக்கும் அப்பால், அந்த எண்பதுகளில் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைகளின் கூரைகள் தெரியும். காப்பார் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எனக்கு வேலை. முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாத டீச்சருக்கு அறை கொடுக்கப் பலரும் தயங்கினார்கள். அண்ணனின் மனைவி புஷ்பவல்லி தயங்கவில்லை. "டீச்சர் வீட்டுல இருந்தா எங்க ரமணி நாலு எழுத்து படிப்பா" என்று அன்றைக்கே கட்டிலைத் தூக்கிப் போட்டாள். ரமணி அவர்களுடைய ஒரே மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அந்த வீடு மாட்டோடு எழுந்து மாட்டோடு படுத்தது. ஏழு உருப்படிகள். எல்லாம் கலப்பு மாடுகள், பாதி நம் பக்கத்துச் செவலை, பாதி வெள்ளைக்காரன் நாட்டுக் கறுப்பு வெள்ளை. விடிவதற்குள் புஷ்பவல்லி கறந்து முடித்துவிடுவாள். அண்ணன் பால் டின்களை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு கிள்ளான் தேத்தண்ணிக் கடைகளுக்குப் போய்விட்டு, வரும் வழியில் தவ்ஹு என்ற சோயாக் கட்டி செய்யும் தொழிற்சாலையில் மாட்டுக்குச் சக்கை வாங்கி வருவார். பிறகு புல்லறுக்கப் போவார். மத்தியான வெயிலில் மாடுகள் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். அந்த அந்நிய ரத்தத்துக்கு எங்கள் ஊர்ப் புழுக்கம் ஆகாது. அவர் ரப்பர் குழாயைப் பிடித்து ஒவ்வொன்றின் முதுகிலும் தண்ணீர் அடிப்பார். அவருடைய வலது கைப் பெருவிரலில் பாதி இல்லை. பலகை ஆலை மெஷினில் விட்டுவிட்டு வந்தது. அதனால் கறவை, மருந்து, ஊசி என்று விரல் நுணுக்கம் வேண்டிய வேலையெல்லாம் புஷ்பவல்லியின் கையில்தான்.

அந்தக் கைகளை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கத் தண்ணீரிலும் பாலிலும் மடி கழுவும் மருந்திலும் கிடந்து, விரல் மடிப்பெல்லாம் வெடித்துச் சிவந்திருக்கும். மிளகாய்ச் சம்பல் அரைத்தால் எரிகிறது என்று ஊதிக்கொள்வாள்.

ஆங்கிலத்தில் எது வந்தாலும் அந்த வட்டாரத்தில் என்னிடம் வரும். நகராண்மைக் கடிதம், மருந்துச் சீட்டு, பிள்ளைகளின் வேலை மனு. வாசலில் நின்று படித்துச் சொல்லிவிட்டுப் போவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

1986 மார்ச் மாதம். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து தீவனம் கொண்டு வந்து விற்கும் வாசு, வேனிலிருந்து வழவழப்பான ஒரு புத்தகத்தோடு இறங்கினான். பக்கத்துக்குப் பக்கம் காளைகளின் படம்.

"அண்ணே, இந்தக் காளையப் பாருங்க. இதோட மகளுங்க ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு லிட்டர் கறக்குது."

ரெங்கசாமி அண்ணன் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "காளை எங்கடா பால் கறக்குது?"

"பால் தாய்கிட்டேருந்து மட்டும் வரதில்ல அண்ணே. அப்பன் ரத்தத்துலயும் இருக்குது லா. நீங்க ஏழு லிட்டருக்கு இவ்ளோ பாடுபடுறீங்க. இதோட விந்துல ஒரு கிடாரி பொறந்தா பன்னெண்டு, பதினஞ்சு நிச்சயம்."

"அதுக்குத்தான் கவர்மெண்ட் ஆளு வந்து சினை ஊசி போடுறாரே."

"எப்ப வராரு? உங்க மாடு ஒண்ணு இந்த மாசம் கத்தும், ஒண்ணு அடுத்த மாசம் கத்தும். நீங்க போன் தேடிப் போறதுக்குள்ள பருவம் அடங்கிடும். இப்ப ஒரு ஹார்மோன் மருந்து வந்திருக்கு. பதினோரு நாள் இடைவெளியில ரெண்டு ஊசி. மூணாம் நாள் எல்லா மாடும் ஒண்ணா பருவத்துக்கு வந்துரும். ஒரே நாள்ல ஆள வரச்சொல்லிப் போட்டுட்டா, அடுத்த ஜனவரியில எல்லாம் ஒண்ணா கன்னு போடும். தைப்பூசத்துக்குப் பால் எவ்ளோ வேணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தைப்பூசம் என்றதும் அண்ணன் புஷ்பவல்லியைப் பார்த்தார். அவள் மடி கழுவும் வாளியோடு நின்றிருந்தாள். "உங்களுக்குச் சரின்னு பட்டா போடுங்க" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு அண்ணே" என்றான் வாசு. "சினைமாடு எதுவும் இருக்கா? சினைமாட்டுக்கு இது ஆகவே ஆகாது. கன்னு கலைஞ்சு விழுந்துரும்."

செவலை என்று கூப்பிடும் பசு நாலு மாதச் சினை. புஷ்பவல்லி உடனே போய் அதை அவிழ்த்து, கொட்டகையை விட்டுத் தள்ளி ரம்புத்தான் மரத்தடியில் கட்டினாள். தப்பித்தவறி அதற்கும் போட்டுவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம். முதல் ஊசியை மற்ற ஆறு மாடுகளுக்கும் வாசுவே போட்டான்.

அதே வாரம் புஷ்பவல்லி என்னிடம் ஒரு சேதி சொன்னாள். கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"டீச்சர், எனக்கு மூணு மாசமா குளிக்கல."

"நிஜமாவா?"

"ரமணிக்கு அப்புறம் ஒம்போது வருசம். இனிமே இல்லன்னு விட்டுட்டேன்." கீரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "அவருக்கு மட்டும்தான் தெரியும். வெளிய சொல்லிடாதீங்க. நாலு மாசம் தாண்டட்டும்."

"வேலைய கொஞ்சம் குறைச்சுக்க புஷ்பா. வாளி தூக்காத."

"மாட்டுகிட்ட லீவு கேக்கவா?"

பதினோராம் நாளுக்கு வாசுவால் வர முடியவில்லை. பந்திங் பக்கம் போகவேண்டும் என்று முன்தினமே ஒரு குப்பியையும் கண்ணாடி ஊசிக்குழலையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மறுநாள் காலை, நான் பள்ளிக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ரெங்கசாமி அண்ணன் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து நீட்டினார். நாலாக மடித்த தாள். இரண்டு பக்கமும் எறும்பு எழுத்தில் ஆங்கிலம்.

"டீச்சர், ஒரு மாட்டுக்கு எத்தன சிசின்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அவன் சொன்னது மறந்துபோச்சு."

நான் தாளை விரித்தேன். அளவு என்ற தலைப்பு எங்கே என்று கண்ணால் தேடினேன். அந்த நேரம் சாலை முனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது.

"ஐயோ, பஸ் வந்துருச்சு டீச்சர், ஓடுங்க" என்றாள் புஷ்பவல்லி, கொட்டகைப் பக்கமிருந்து.

"அஞ்சு சிசி அண்ணே. தசையில போடணும்" என்று சொல்லித் தாளை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

அன்று கொட்டகையில் நடந்ததைப் பிறகு அவர்கள் சொல்லித்தான் தெரியும். அண்ணன் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொள்ள, புஷ்பவல்லி மருந்தை உறிஞ்சி ஊசி போட்டிருக்கிறாள். பழைய ஊசிக்குழல். அழுத்தும்போது பின்பக்கம் வழியாக மருந்து கசிந்திருக்கிறது. மூன்றாவது மாடு துள்ளியதில் பாதி மருந்து அவள் கையிலேயே கொட்டிவிட்டது. வெடிப்பில் பட்டுச் சுரீரென்று எரிந்ததாம். கைலியில் துடைத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போயிருக்கிறாள். ஆறு மாட்டுக்கும் போட்டு முடித்த பிறகுதான் கை கழுவினாள்.

மத்தியானம் இரண்டரைக்கு நான் வீடு திரும்பியபோது அடுப்பில் கருவாட்டுக் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கொட்டகைக்கு ஓடினேன். தீவனத் தொட்டியில் சாய்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கைலி நனைந்திருந்தது. கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் ரத்தம் தண்ணீரோடு கலந்து வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"போயிருச்சு டீச்சர்" என்றாள். "எனக்குத் தெரியுது. போயிருச்சு."

அடுத்த வீட்டு வேனில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வயதானவர், பொறுமையாகப் பேசினார். இப்படி நடப்பது உண்டு, காரணம் சொல்ல முடியாது, பாரம் தூக்கினீர்களா என்று கேட்டார். புஷ்பவல்லி தூக்கினேன் என்றாள். அவர் எழுதிக்கொண்டார். மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

அந்த மூன்றாம் நாளை என்னால் மறக்க முடியவில்லை. காலையிலிருந்தே மாடுகள் கத்த ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மத்தியானத்துக்குள் ஆறும். கயிற்றை இழுத்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, வால் தூக்கிக் கத்தின. வாசு சொன்னது சொன்னபடி நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சட்டை மாட்டியிருந்த ரெங்கசாமி அண்ணன் அந்தச் சத்தத்தின் நடுவே அப்படியே நின்றார். தோளில் துண்டு, கையில் அவளுக்கான கஞ்சித் தூக்கு.

"என்ன செய்யட்டும் டீச்சர்? இன்னைக்கு விட்டா போச்சு."

"நீங்க ஊசி போடுற ஆளக் கூப்பிடுங்க அண்ணே. கஞ்சிய நான் கொண்டுபோறேன்."

ஆஸ்பத்திரியில் அவள் முதலில் கேட்டதும் மாட்டைப் பற்றித்தான். எல்லாம் பருவத்துக்கு வந்துவிட்டன, இன்றைக்கே சினை ஊசி போடுகிறார்கள் என்றேன். "நல்ல மருந்துதான் போல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வீடு திரும்பியவள் ஒரு வாரம்தான் படுத்திருந்தாள். கொட்டகைக்குப் போனாள், கறந்தாள், சமைத்தாள். ரமணியின் தலையை வாரிவிடும்போது மட்டும் சீப்பு பாதியில் நின்றுவிடும். பாட்டி வைத்தியம் சொல்ல வந்த பெண்களிடமெல்லாம், "நான்தான் வாளி தூக்கினேன்" என்றே சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரிமேல் பேனா தேடியபோது அந்த மருந்துப் பெட்டி கையில் தட்டுப்பட்டது. தாள் உள்ளேயே இருந்தது. சும்மாதான் பிரித்தேன். அளவு என்ற வரிக்கு நாலு வரி கீழே, தடித்த எழுத்தில் இருந்தது. கர்ப்பிணிகள் இந்த மருந்தைக் கையாளக் கூடாது. தோல் வழியாக உடம்பில் ஏறும். கருச்சிதைவு ஏற்படலாம். மேலே பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நாலு வரி. பஸ் இன்னும் முனையில்தான் திரும்பிக்கொண்டிருந்தது. நான் படித்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது. செம்பனை ஓரம் புல் கட்டிக்கொண்டிருந்த ரெங்கசாமி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. தாளைக் காட்டித் தமிழில் மறுபடி சொன்னேன். அவர் புல்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நிச்சயமா இதுதானா டீச்சர்?"

"நிச்சயமா சொல்ல முடியாது அண்ணே. டாக்டருக்கே சொல்ல முடியாது. ஆனா அன்னைக்கே நடந்துருக்கு."

"நான்தான் அவ கையில குடுத்தேன்." பாதி விரலைப் பார்த்தார். "இந்த வெரலு நல்லா இருந்திருந்தா நானே போட்டிருப்பேன்."

"நான்தான் அண்ணே முழுசா படிக்கல."

அவர் தாளை வாங்கி மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "அவகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். தன்மேலதான் தப்புன்னு நெனச்சிட்டிருக்கா. அதுவாச்சும் பழகிப்போயிரும். இத சொன்னா தாங்கமாட்டா" என்றார்.

நான் ஒப்புக்கொண்டேன். அவளுக்காக என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு இரண்டு மாதம் வாய் மூடியிருந்தேன்.

ஆறு மாடுகளில் நாலு சினை பிடித்திருந்தன. மீதி இரண்டுக்கும் மறுபடி போடலாம் என்று ஜூன் மாதம் வாசு வந்தான். பள்ளி விடுமுறை, நானும் வீட்டில் இருந்தேன். வாசு வேனில் ஏதோ எடுக்கப் போக, குப்பியைக் கொட்டகைத் திண்டில் வைத்துவிட்டுப் போனான். புஷ்பவல்லி வழக்கம்போல் அதை எடுத்து மூடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"தொடாத!"

ரெங்கசாமி அண்ணன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஓடிவந்து அவள் கையில் அடித்தார். குப்பி தரையில் விழுந்து உடைந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப்போய், துணி துவைக்கும் சோப்பை எடுத்து அவள் கையில் தேய்த்தார். விரல் விரலாகத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அவருக்கு அழுகை வந்துவிட்டது.

புஷ்பவல்லி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இவரு எதுக்கு அழுவுறாரு?"

அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. சொன்னேன். தாளில் இருந்ததைச் சொன்னேன். அளவை மட்டும் படித்துவிட்டு ஓடியதைச் சொன்னேன். அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்தும் படிக்காமல் போனதைச் சொன்னேன்.

குழாய்த் தண்ணீர் அவள் கைமேல் ஓடிக்கொண்டிருந்தது. "பஸ் வந்துருச்சு, ஓடுங்கன்னு நான்தானே சொன்னேன்" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருப்பேன்.

வாசு தீவன மூட்டையோடு வந்து நின்றான். உடைந்த குப்பியையும் எங்கள் முகங்களையும் பார்த்தான். நான் மறுபடி சொன்னேன். அவன் மூட்டையைக் கீழே போட்டான்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. எனக்கும் இங்கிலீஷ் அவ்வளவா வராது லா. சினைமாட்டுக்குப் போடாதேன்னு மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"மாட்டக் கேட்ட" என்றாள் புஷ்பவல்லி. குரல் உயரவில்லை. "சினையா இருக்கான்னு மாட்டத்தான் கேட்ட. நானும் செவலைய மட்டும் அவுத்துக் கொண்டுபோய் மரத்தடியில கட்டினேன். என் கையால கட்டினேன்."

செவலை அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"இந்த மருந்த வேற எத்தன வீட்டுல குடுத்திருக்க?" என்று கேட்டாள்.

வாசு விரல் விட்டு எண்ணினான். "மேருவுல அஞ்சு. காப்பார் ரோட்டுல நாலு."

"அங்கெல்லாம் யாரு ஊசி போடுறா?"

அவன் தலை குனிந்தான். "ஆம்பளைங்க வேலைக்குப் போயிருவாங்க அக்கா."

அன்று சாயங்காலமே அவள் என் அறைக்கு வந்தாள். "அந்தத் தாள்ல இருக்கறத தமிழ்ல எழுதுங்க. பெரிய எழுத்தா எழுதுங்க" என்றாள். ஒன்பது பிரதி எழுதினேன். அவள் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். கட்டிலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்து வாசித்து மனப்பாடம் செய்தாள். ரெங்கசாமி அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அடுத்த ஜனவரியில் நாலு மாடுகளும் ஒரே வாரத்தில் கன்று போட்டன. மூன்று கிடாரி. வீடெங்கும் சீம்பால் வாசனை. பூசத்துக்குப் பால் கேட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். பின்னால் அந்தக் கிடாரிகள் பன்னிரண்டு லிட்டர் கறந்தன. அண்ணன் அதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

நான் சொல்ல வந்தது, அந்தத் தாள்களை நானும் புஷ்பவல்லியும் வீடு வீடாகக் கொண்டுபோன ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமையை. மேருவில் ஐந்து வீடுகளையும் முந்தின நாளே முடித்திருந்தோம். ஒருவர், "மருந்து மாட்டுக்குத்தானே, மனுசனுக்கு என்ன?" என்று சிரித்தார். இரண்டு வீடுகளில் பெண்கள் தாளை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்கள். காப்பார் ரோட்டில் மூன்று வீடுகள் ஆனதும் நல்ல வெயில். கடைசி வீடு அன்னாசிக் கொல்லையை ஒட்டி இருந்தது. நாலு மாடு, சாய்ந்த கொட்டகை. வீட்டுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்துநாலு, இருபத்தஞ்சு வயது இருக்கும். பெயர் வள்ளியம்மா என்றாள். புஷ்பவல்லி தாளை அவள் கையில் கொடுத்தாள். பிறகு மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள். வயிற்றுப்பிள்ளைக்காரி இந்த மருந்தைத் தொடக் கூடாது. தோல் வழியா உள்ள போகும். கரு கலைஞ்சிரும்.

வள்ளியம்மா சாணிக்கூடையைக் கீழே வைத்தாள். மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்தாள்.

"எந்த மருந்து? வாசு கொண்டாந்ததா?"

"ஆமா."

அவள் விரல் மடித்து எண்ணினாள். தை, மாசி, பங்குனி. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். "எனக்கு மாசியில போச்சு" என்றாள். "ரெண்டு மாசம். நான்தான் ஊசி போட்டேன், நாலு மாட்டுக்கும்."

புஷ்பவல்லி அவள் தோளைத் தொட்டாள். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொல்லையில அன்னாசி தின்னேன், அதான் கலைஞ்சிதுன்னு எங்க மாமியா சொல்றாங்க. வேணும்னே தின்னேனாம். அவரும் நம்பிட்டாரு. நாலு மாசமா என்கூடப் பேசறதில்ல." புஷ்பவல்லி பக்கம் திரும்பினாள். "நான் ஒரு துண்டுகூடத் தின்னல அக்கா."

"எனக்குத் தெரியும்மா" என்றாள் புஷ்பவல்லி.

"ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க. இன்னொரு தடவ சொல்லுங்கக்கா. சத்தமா சொல்லுங்க."

புஷ்பவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்து, வீட்டு வாசலுக்கு நேராக வெயிலில் நின்றாள். முதல் வரியிலிருந்து தொடங்கினாள். தன் பெயரைச் சொன்னாள். தன் கையில் மருந்து கொட்டியதைச் சொன்னாள். அது தாளில் இல்லாதது. தனக்கு எத்தனை மாதம் என்று சொன்னாள். அன்று மத்தியானமே போய்விட்டது என்று சொன்னாள்.

உள்ளே ரேடியோ நின்றது. வாசலில் ஆள் யாரும் வரவில்லை. சன்னல் துணி மட்டும் லேசாக விலகி, திரும்பச் சேர்ந்தது.

வள்ளியம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். சாணிக் கைகளை அப்படியே தொங்கவிட்டிருந்தாள்.

"இன்னொரு தடவ" என்றாள்.